இரண்டு ராஜாத்திகளின் ரத்தம்

கால்நடை மருத்துவம் படித்தவன் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. என் சர்வீஸ் முழுவதும் நான் ஒருவருக்கும் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் சர்வீஸில் சேருவதற்கு முன்பே, இருபத்து நாலு வயதில், தூத்துக்குடியில் ஓர் அம்மாளை மூன்று நாள் சாகக் கிடக்க வைத்திருக்கிறேன். மருந்து எதுவும் கொடுக்காமலே. அவரை நேரில் பார்க்காமலே.

எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாட்டு ரத்தத்திலுள்ள லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள்தான் என் ஆராய்ச்சி. நோயை எதிர்த்து நிற்கிற இந்த அணுக்களில் டி, பி என்று இரண்டு வகை. இரண்டுக்கும் வேலை வேறு. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரே யூனிபாரம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எது எது என்று தெரியாது. வித்தியாசமெல்லாம் அணுவின் மேல்பரப்பில் இருக்கிற அடையாளங்களில்தான். இன்றைக்கு அந்த அடையாளம் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, அதைக் கண்டுபிடிக்கிற மருந்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தது செம்மறி ஆடு.

விளையாட்டாகச் சொல்லவில்லை. செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களை லிம்போசைட்டுகளோடு கலந்து குளிரில் வைத்தால், அவை டி செல்லின் மேல்பரப்பில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு வெள்ளை அணு, சுற்றிலும் சிவப்பணுக்கள். பார்க்க ரோஜாப்பூ மாதிரி இருக்கும். அதற்குப் பெயரே ரோசெட்தான். பூத்தால் டி. பூக்காவிட்டால் பி (அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டோம்).

மனித ரத்தத்தில் இது அழகாகப் பூத்தது. மாட்டு ரத்தத்தில் பூக்க மாட்டேன் என்றது. நூறு செல்லை எண்ணினால் மூன்று பூ தேறுவதே கஷ்டம். என் பேராசிரியர், மாட்டுக்கு இது சும்மா வராது, ஆட்டுச் செல்லை ஏதாவது மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்த வேண்டியிருக்கும், நூலகத்தில் உட்கார்ந்து படி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நூலகத்தில் நம்பிக்கை இல்லை. தப்பு மாட்டின் மேல் என்று முடிவு கட்டியிருந்தேன். மெட்ராஸ் மாடு சினிமா போஸ்டரைத் தின்று வளர்கிறது. அதன் ரத்தத்தில் எங்கே பூ பூக்கும்? எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கோடை விடுமுறைக்கு ஒரு பெட்டி நிறைய ஆராய்ச்சிச் சாமான்களோடு தூத்துக்குடிக்கு வந்து இறங்கினேன். சொந்த ஊர் ஏரல் பக்கம். அங்கே மாடு உண்டு, மைக்ராஸ்கோப் கிடையாது. தூத்துக்குடியில் என் அக்கா வீடு இருந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அருளப்பன் அண்ணாச்சி இருந்தார்.

அருளப்பன் அண்ணாச்சி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவர். அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை டாக்டர் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை என்று ஊரில் பேச்சு. அக்கா கேட்டுக்கொண்டதற்காக என்னைத் தன் அறைக்குள் விட்டார். ஃப்ரிட்ஜில் ஒரு மூலையைக் காட்டினார். "இங்கன ஒன் சாமான வச்சுக்க. என் ஸ்டாண்டுல மட்டும் கை வச்சிராத. டியூப்புக்கு நம்பர் போடு" என்றார். இதே நம்பர் விஷயத்தைப் பேராசிரியரும் மெட்ராஸில் பல தடவை சொல்லியிருந்தார். பெயர் எழுதாதே, மாட்டுக்கு நம்பர் போடு என்பார்.

நான் எழுதினேன், ராஜாத்தி என்று. இருப்பதே ஒரு மாடு, அதற்கு எதற்கு நம்பர்?

ராஜாத்தி, சாலமோன் சாருடைய பசு. சாலமோன் சார் நாசரேத்துக்காரர். ஏதோ கம்பெனியில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, ஆபீசில் காட்டிய கண்டிப்பையெல்லாம் அந்த ஒரு பசுவிடம் காட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்ட நேரம், தீனிக்கு நேரம், நிழலில் நிற்க நேரம். ரத்தம் எடுக்க வேண்டும் என்று நான் கேட்டதும் முதலில் யோசித்தார். பிறகு சம்மதித்து, ஊசி போடுவதற்கு முன் பசுவின் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். ஜெபம் நீண்டது. நான் ஊசியைப் பிடித்த கையோடு நின்றேன். கடைசியில் என் பெயரும் ஜெபத்தில் வந்தது. இந்தத் தம்பிக்கு நல்ல புத்தியைத் தாரும் என்று வேண்டிக்கொண்டார். அது கேட்கப்படவில்லை.

அன்று திங்கட்கிழமை. காலையிலேயே மட்டன் கடைக்குப் போய் செம்மறி ரத்தம் வாங்கியாயிற்று (கடைக்காரர் நான் பொரியலுக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, வெங்காயம் நிறையப் போடச் சொன்னார்). மீன் ஏற்றுகிற இடத்தில் வாங்கிய ஐஸை பிளாஸ்கில் போட்டு, அதற்குள் ராஜாத்தியின் ரத்தத்தை வைத்து, வஞ்சிரம் வாசனையோடு அண்ணாச்சியின் அறைக்கு வந்தேன். அண்ணாச்சி வார்டுக்குப் போயிருந்தார். அவர் ஒட்டுகிற காகிதத் துண்டையே எடுத்து, அவருடைய பேனாவாலேயே ராஜாத்தி என்று எழுதி டியூப்பில் ஒட்டினேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் என் மூலையில் ஆட்டு ரத்த பாட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணாச்சியின் ஸ்டாண்டில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. ஐந்து நிமிஷம்தானே என்று டியூப்பை அதில் சொருகிவிட்டு வடை சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து ஸ்டாண்டில் பார்த்தேன். ராஜாத்தி என்று எழுதிய டியூப் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டேன். அதன் மறுபக்கத்தில் அண்ணாச்சி போட்ட நம்பர் இருந்திருக்கிறது. திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

கடவுள் அன்றைக்கு எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கை அனுப்பினார். மாட்டு ரத்தத்தை நிறுத்தி வைத்தால் சிவப்பணு லேசில் அடியில் இறங்காது. இதில் நான் கையில் எடுக்கும்போதே மேலே மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. என்ன ஒத்துழைப்பான மாடு என்று சந்தோஷப்பட்டேன். மாட்டின் சிவப்பணு சிறியது. இதில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பெரிதாக இருந்தன. சாலமோன் சார் நல்ல தீனி போடுகிறார் என்று குறித்துக்கொண்டேன். (அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'திடகாத்திரமான அணுக்கள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.) லிம்போசைட்டுகளைப் பிரித்து, ஆட்டுச் செல்லோடு கலந்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒரே தோட்டம். எங்கே பார்த்தாலும் ரோஜா. எண்ணினதில் பாதிக்கு மேல் பூத்திருந்தது. நேரே தபாலாபீசுக்கு ஓடி பேராசிரியருக்குத் தந்தி அடித்தேன். அதோடு விடாமல் ஆறு பக்கத்தில் கடிதமும் எழுதினேன். தென்பாண்டிக் கடற்கரை மாடுகளின் டி செல்கள் மற்ற மாடுகளுடையதைப் போன்றவை அல்ல; உப்புக் காற்று ஒரு காரணமாக இருக்கலாம்; இது உலகத்தின் கவனத்துக்குக் கொண்டு போகப்பட வேண்டியது. ஒரு மாடு, ஒரு டியூப், அதை வைத்து ஒரு கடற்கரைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அதே வேகத்தில் சாலமோன் சாரிடமும் போய், உங்கள் பசு சாதாரணப் பசு இல்லை சார், அதன் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு சக்தி வேறு எதிலும் இல்லை என்று சொன்னேன். அவர் பொய்யும் சொல்ல மாட்டார், சும்மாவும் இருக்க மாட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு இருமல், மாமியாருக்கு மூட்டுவலி என்று ஆட்கள் தம்ளரோடு வந்து ராஜாத்தியின் பாலுக்கு நின்றார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. தள்ளி நின்று கொஞ்சம் தலை வாரிக்கொண்டேன்.

புதன்கிழமை மறுபடியும் ரத்தம் எடுத்து, அதே மாதிரி கலந்து வைத்தேன். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் தோட்டத்தைக் காணோம். ஒரு பூ, இரண்டு பூ, அவ்வளவுதான். பழைய மெட்ராஸ் மாடு மாதிரியே இருந்தது. ஆட்டு ரத்தம் கெட்டுப்போயிருக்கும் என்று அண்ணாச்சியிடம் புலம்பத் திரும்பினேன். அவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"திங்கக்கெழம ஒரு அம்மா, பித்தப்பைக் கல்லு ஆபரேஷனுக்காக ரத்தம் பாக்க வந்தாவ. பாத்தா பெரிய சீக்கா இருக்குலே. சிவப்பணு எல்லாம் சுண்டிப்போய்க் கெடக்கு. வெள்ளையில முக்காவாசி லிம்போசைட்டு. ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சும் ரத்தம் எறங்கவே மாட்டேங்கு. என் சர்வீஸ்ல இப்பிடிப் பாத்ததில்ல. ரத்தப் புத்துநோயா இருக்கலாம், உடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சிவப்பணு சிறியது, லிம்போசைட் அதிகம், ரத்தம் இறங்காது. கால்நடைக் கல்லூரியில் முதல் வருஷப் பையனைக் கேட்டாலும் இது என்ன என்று சொல்லிவிடுவான். 'மாட்டு ரத்தம் மாதிரி இருக்கே அண்ணாச்சி' என்று என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மா பேர் என்ன என்று மட்டும் கேட்டேன்.

"ராஜாத்தி" என்றார்.

அவருடைய ஸ்லைடை வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு ஆரோக்கியமான பசுவின் ரத்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த அம்மாளை நினைக்கவில்லை. ஐயோ, பூத்தது மனுஷ ரத்தமா, தந்தி அடித்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன். அடுத்து நினைத்தது அதைவிட மோசம். அதை வாய்விட்டு அண்ணாச்சியிடமே சொன்னேன். மதுரையில் எப்படியும் புதிதாக ரத்தம் எடுப்பார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும், நாம் எதற்கு அண்ணாச்சி இப்போது போய்...

அண்ணாச்சி கையைக்கூட ஓங்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "செருப்பப் போடுலே. போவோம்" என்றார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். அவர் வெளியே வருகிறவரை காத்திருக்கவும் அண்ணாச்சி சம்மதிக்கவில்லை.

அண்ணாச்சி சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் ராஜாத்தி என்று எழுதிய இரண்டு டியூப்கள். உப்பு லாரிகள் எங்களைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எதிலாவது விழுந்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். அண்ணாச்சி மிதித்துக்கொண்டே இருந்தார். அவருடைய கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் அது. நம்பர் இல்லாத டியூப்பைப் பார்த்து, தானே போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். தன்னைத்தான் சந்தேகப்பட்டாரே தவிர, என்னை அல்ல.

வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. மதுரைக்குக் கொண்டு போவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட, சாத்தான்குளத்திலிருந்தும் ஆறுமுகநேரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ராஜாத்தி அம்மாள் கட்டிலில் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமாட்டில் தங்கச்சிமார் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவருடைய வீட்டுக்காரர் பேச்சிமுத்து, வேலைக்குப் போகாமல் மூன்று நாள் தாடியோடு நாற்காலியில் இருந்தார். மகன் முருகேசன் சுவரோரம் நின்றான். என் வயதுதான் இருக்கும்.

அண்ணாச்சி, ரிப்போர்ட்டில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். தப்பு என்னுடையது என்று நான் குறுக்கே சொன்னேன். என் வாழ்க்கையில் அந்த வாரம் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"அந்த ரத்தம் இவங்களோடது இல்ல" என்றேன்.

"பின்ன யாரோடது?" என்று பேச்சிமுத்து கேட்டார்.

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசிறி நின்றது.

"ஒரு பசுவோடது."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திட்டவுமில்லை. பேச்சிமுத்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. ராஜாத்தி அம்மாள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். தலைமுடியை முடிந்துகொண்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்பம் சீக்கு அந்த மாட்டுக்கா?"

இல்லம்மா, மாட்டுக்கு ரத்தம் அப்படித்தான் இருக்கும், அது நல்லா இருக்கு என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, மூணு நாளாக் கஞ்சி குடுத்தே கொன்னுட்டிய, ஏளா, சோறு இருந்தாப் போடு என்றார். அதற்கப்புறம்தான் வீட்டில் ஆளாளுக்கு அழவும் சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். சாத்தான்குளத்து மாமா ஒருவர், பசு என்ன ஜாதிப் பசு என்று விசாரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் எங்கும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

நாங்கள் கிளம்பும்போது முருகேசன் வாசல் வரை வந்தான். அவனுக்குச் சிங்கப்பூர் போகிற வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. பம்பாயில் போய் ஏற வேண்டும். புதன்கிழமை ரயிலுக்குப் பெட்டியெல்லாம் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு இப்படி என்றதும் அவன் போகவில்லை. இன்றைக்கு ரயில் ஏறினால் ஆகாதா என்று அண்ணாச்சி கேட்டார்.

"சனிக்கெழம காலையில கப்பல் எடுத்துருவான் அண்ணாச்சி, இனி ஏறுனா எட்டாது" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னான்.

மறுநாள் ராஜாத்தி அம்மாளிடம் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அந்த அறைப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று சொன்னார். அண்ணாச்சிக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சாலமோன் சாரிடம் போய், உங்கள் பசு சாதாரணப் பசுதான் என்று சொன்னேன். நீ சொல்லியா தம்பி நான் அதை வளர்த்தேன் என்று கேட்டுவிட்டு, பசுவைத் தண்ணீர் காட்ட அவிழ்த்துக்கொண்டு போனார். நேரமாகிவிட்டதாம்.

முருகேசனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் ஆபீசுக்கு நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, இந்த இளைஞர் கப்பலைத் தவறவிட்டதற்கு முழுக் காரணம் ஒரு பசுவின் லிம்போசைட்டுகளும் நானுமே என்று முடித்தேன். மனசாட்சியோடு எழுதிய கடிதம். அதை எடுத்துக்கொண்டு நானும் அவனும் போனோம். மேஜையில் இருந்தவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. லீவு கேட்கப் பாட்டி செத்ததாகச் சொல்வார்கள், இது புதுசா இருக்கே தம்பி என்றார் ஒருவர். முருகேசன் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடிதத்தைப் பணிவாகத் திருப்பி வாங்கி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தான். அந்த ஆபீஸ் படிக்கட்டில் நான் இறங்கிய மாதிரி அதற்குப் பிறகு எந்தப் படிக்கட்டிலும் இறங்கியதில்லை.

மெட்ராஸுக்குத் திரும்புவதற்கு முன்பே பேராசிரியரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்துவிட்டது. என் ஆறு பக்கப் பெருமைக்கும், அடுத்து நான் எழுதிய இரண்டு பக்க ஒப்புதலுக்கும் சேர்த்து ஒரே வரிப் பதில்: 'மாட்டுக்கு நம்பர் போடு.' பிறகு நூலகத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்ன மாதிரியே ஆட்டுச் செல்லைப் பதப்படுத்தி எடுத்ததும், போஸ்டர் தின்கிற மெட்ராஸ் மாட்டிலேயே பூ பூத்தது. பட்டமும் வந்தது.

முருகேசனுக்கு வேறு கப்பல் வரவில்லை. இரண்டு வருஷம் எங்கெங்கோ எழுதிப் போட்டுவிட்டு, அப்பாவைப் போலவே துறைமுகத்தில் சேர்ந்தான். விசேஷம் எதுவானாலும் எனக்குப் பத்திரிகை அனுப்புவான். அவன் மகள் கல்யாணத்தில் சம்பந்திமாரிடம் என்னை, எங்க அம்மாவை மாடு என்று சொன்ன டாக்டர் என்று அறிமுகப்படுத்தினான். பந்தலே சிரித்தது. ராஜாத்தி அம்மாளும் பல் இல்லாத வாயால் சிரித்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றபோது, தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே, "ஒரு தடவ சிங்கப்பூரு பாத்திருக்கலாம், என்ன?" என்றான். நான் கையைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

என் வீட்டில் இந்தக் கதை கல்யாணமான முதல் வருஷமே என் மனைவியின் கைக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சொன்னாள், மருமகனுக்குச் சொன்னாள், இப்போது பேத்தி சொல்கிறாள். போன மாதம் சர்க்கரை பார்க்க என் மனைவி என்னை ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுக்கிற பெண் ஊசியை வைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டு எழுதினாள். வயதைக் கேட்டு எழுதினாள். வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டாள்.

"மனுசன்னும் எழுதிக்கிடும்மா" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.